48 மணி நேர உத்தரவாதம் யாருக்கு?

ஜாதி நாய்க்குட்டி வாங்குவது இன்று பல வீடுகளில் டிவி வாங்குவது போல ஆகிவிட்டது. விலை கேட்கிறார்கள், பேரம் பேசுகிறார்கள், அட்வான்ஸ் கொடுக்கிறார்கள், அட்டைப் பெட்டியில் வைத்துக் காரில் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். டிவிக்கு ஒரு வருட வாரண்டி உண்டு. குட்டிக்கு? "48 மணி நேரம் சார். அதுக்குள்ள டாக்டர்கிட்ட காட்டிடுங்க. அதுக்கப்புறம் எங்க பொறுப்பு இல்ல."

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் விஷயம் புரியும்.

சென்னையில் ஒரு குடும்பம் லாப்ரடார் குட்டி வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். சனிக்கிழமை குட்டி வீட்டுக்கு வருகிறது. ஞாயிறு முழுக்க வீடே அதன் பின்னால் ஓடுகிறது. பிள்ளைகள் பெயரும் வைத்தாகிவிட்டது. திங்கட்கிழமை டாக்டர் பார்த்துவிட்டு "குட்டி நல்லா இருக்கு" என்கிறார். வியாழன் காலை பால் வேண்டாம் என்று திரும்பிப் படுத்துக்கொள்கிறது. மதியம் வாந்தி. இரவு ரத்தமாக வயிற்றுப்போக்கு. வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால் அங்கே சொல்லப்படுவது ஒரே வார்த்தை: பார்வோ. மூன்று நாள் குளுக்கோஸ் ஏற்றியும் பலனில்லை. பிரீடருக்கு போன் செய்தால் பதில் தயாராக இருக்கிறது. "இங்கேருந்து போகும்போது நல்லாத்தானே இருந்துச்சு? நீங்க என்ன கொடுத்தீங்களோ!"

பார்வோ வைரஸ் உடலுக்குள் போன பிறகு நோய் வெளியே தெரிய பொதுவாக 3 முதல் 7 நாட்கள் ஆகும். சில சமயம் அதற்கு மேலும் ஆகலாம். விற்ற நாளன்று காலையில் அந்தக் கூண்டிலேயே தொற்றியிருந்தாலும் 48 மணி நேரத்துக்குள் எந்த டாக்டராலும் வெறும் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. நோய் தலைகாட்டும் முன்பே உத்தரவாதம் முடிந்துவிடுகிறது! இது வாங்குபவரைக் காப்பாற்றும் உத்தரவாதமா, விற்பவரைக் காப்பாற்றும் உத்தரவாதமா?

அடுத்தது, "குட்டி செத்தா வேற குட்டி தர்றோம், பணம் திரும்ப வராது" என்ற நிபந்தனை. இதைப் பெரிய மனசு என்று நினைத்துவிடக் கூடாது. பார்வோ வைரஸ் தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சாதாரண பினாயிலுக்கு அது அசையாது, பிளீச்சிங் கரைசல்தான் வேண்டும். அதே கூண்டிலிருந்து, அதே வீட்டுக்கு, தடுப்பூசி முழுமையாகாத இன்னொரு குட்டி வந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. உயிரோடு இருக்கும் நோயாளிக் குட்டியாக இருந்தாலோ, "திருப்பிக் கொடுங்க, மாத்தித் தர்றோம்" என்கிறார்கள். இரண்டு மாதம் மடியில் தூங்கிய குட்டியை எந்தக் குழந்தை திருப்பிக் கொடுக்கும்? கொடுக்கமாட்டார்கள் என்று தெரிந்துதான் அந்த வரியே எழுதப்படுகிறது.

மூன்றாவது பரம்பரை நோய். லாப்ரடார், அல்சேஷன், ராட்வீலர் போன்ற பெரிய இனங்களில் இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாமல் வளரும் குறை பரவலாக உண்டு. உணவும் உடல் எடையும் இதைக் கூட்டும், குறைக்கும். ஆனால் வேர் பரம்பரையில் இருக்கிறது. அமெரிக்காவில் 1966 முதல் நாய்களின் எலும்பு மூட்டுகளைச் சோதித்துச் சான்று தரும் ஓஎஃப்ஏ அமைப்பு, நாய்க்கு 24 மாதம் ஆன பிறகு எடுத்த எக்ஸ்ரேக்குத்தான் இறுதிச் சான்று தருகிறது. ஆகவே குட்டியைப் பார்த்து "இடுப்பு நல்லா இருக்கு" என்று யாரும் சொல்ல முடியாது. தாய் தகப்பனின் எக்ஸ்ரேயைக் காட்ட முடியும். எத்தனை பேர் காட்டுகிறார்கள்? எத்தனை பேர் கேட்கிறார்கள்?

கேட்டால் "கேசிஐ பேப்பர் இருக்கு சார்" என்று பதில் வரும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் அந்தக் காகிதம் குட்டியின் தாய், தகப்பன், பாட்டன் பெயர்களைச் சொல்லும். அது வம்சாவளிச் சான்று, ஆரோக்கியச் சான்று அல்ல. ஜாதகம் பார்த்துவிட்டு மெடிக்கல் ரிப்போர்ட் பார்த்ததாக நினைத்துக்கொண்டால் தவறு காகிதத்தின் மேல் இல்லை.

விற்பவர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. உயிருள்ள பொருளுக்கு ஆயுள் உத்தரவாதம் தர முடியாது. தடுப்பூசி முடியாத குட்டியைத் தெருவில் நடத்திக் கூட்டிப்போய் நோய் வாங்கிக்கொண்டு வருபவர்களும் இருக்கிறார்கள். வியாழக்கிழமை வந்த நோய் எங்கே தொற்றியது என்று அடித்துச் சொல்லவும் முடியாது. உண்மைதான். ஆனால் இந்தச் சந்தேகத்தின் பாரம் முழுவதையும் வாங்குபவர் தலையிலேயே ஏன் இறக்க வேண்டும்? அமெரிக்காவில் பல மாநிலங்கள் இதற்கென்றே சட்டம் போட்டிருக்கின்றன. நியூயார்க்கில் 14 வேலை நாட்களுக்குள் குட்டிக்கு நோய் என்று கால்நடை மருத்துவர் சான்று கொடுத்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம், வேறு குட்டி கேட்கலாம், அல்லது அதே குட்டியை வைத்துக்கொண்டு வைத்தியச் செலவை வாங்கிய விலை வரைக்கும் கேட்கலாம். பிறவிக் குறைக்கு 180 நாட்கள். ஃப்ளோரிடாவில் பிறவிக் குறைக்கு ஒரு வருடம். நோயின் காலத்தைப் பார்த்து வைத்த கெடு இது. 48 மணி நேரம் கல்லாவைப் பார்த்து வைத்த கெடு.

இங்கே சட்டமே இல்லையா என்றால், இருக்கிறது. நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகள் 2017ல் வந்தன. பிரீடர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. தடுப்பூசியும் மைக்ரோசிப்பும் போட்டுத்தான் விற்க வேண்டும். ஒரு பெண் நாய் வருடத்துக்கு ஒரு முறைக்கு மேல் ஈனக் கூடாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இருக்கிறது. மாவட்ட ஆணையத்தில் 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை, இரண்டு வருடம் வரை வழக்குப் போடலாம். ஆனால் அங்கே போய் நின்றால் முதல் கேள்வி, "பில் எங்கே?"

இங்கேதான் வாங்குபவர்களின் குற்றமும் வருகிறது. பில் கேட்டால் ஆயிரம் இரண்டாயிரம் கூடும் என்று வேண்டாம் என்கிறார்கள். "குட்டியூண்டா இருந்தாத்தான் பழகும்" என்று 30 நாள் குட்டியைக் கேட்கிறார்கள். 2003ல் ஹட்ச் விளம்பரத்தில் ஒரு பக் நாய் சிறுவன் பின்னால் ஓடியதும், சப்பை மூக்கால் மூச்சுவிடச் சிரமப்படும் அந்த இனத்தை நம் ஊர் வெயிலில் வளர்க்க ஆசைப்பட்டார்கள். கேட்பதற்கு ஆள் இருக்கும்வரை விற்பதற்கும் ஆள் இருப்பான். 2020 ஏப்ரல் முதல் இங்கிலாந்தில் 6 மாதத்துக்கு உட்பட்ட குட்டியை இடைத்தரகர் விற்க முடியாது. வளர்த்தவரிடம் நேரில்தான் வாங்க வேண்டும், தாயோடு சேர்த்துத்தான் காட்ட வேண்டும். லூசி சட்டம் என்று பெயர். லூசி என்பது குட்டி போட்டுப் போட்டே உடல் சிதைந்து மீட்கப்பட்ட ஒரு நாய்.

ஆகவே குட்டி வாங்கப் போகிறவர்கள் உத்தரவாதக் காகிதத்தைப் பிறகு படிக்கட்டும். முதலில் குட்டியின் தாயைப் பார்க்க வேண்டும் என்று கேட்கட்டும். அது எங்கே படுக்கிறது, எத்தனையாவது ஈற்று, எலும்பு தெரிகிறதா என்று பார்க்கட்டும். பிறகு பில், தடுப்பூசி அட்டை, மைக்ரோசிப் எண், குறைந்தது 14 நாள் நோய்ப் பொறுப்பு, பணம் திரும்பத் தரும் நிபந்தனை, எல்லாம் எழுத்தில். இதற்குச் சம்மதிக்கும் நல்ல பிரீடர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள்.

"தாயைக் காட்ட முடியாது சார், வேற இடத்துல இருக்கு" என்றால் பேரம் பேசாமல் திரும்பி வந்துவிட வேண்டும். அந்த 48 மணி நேரம் அங்கேயே முடிந்துவிட்டது.