பத்து ஆராங்கின் அடியில் இன்னும் அசையும் பாறை

பெஸ்தாரி ஜெயாவின் செம்பனைத் தோட்டங்களைத் தாண்டி ரவாங் பக்கம் போனால் சிலாங்கூரின் பத்து ஆராங். 1915 முதல் 1960 வரை மலாயா ரயில்வேக்கும் பங்சார் மின்நிலையத்துக்கும் நிலக்கரி தந்த ஊர். மலாயன் கொலியரிஸ் கம்பெனிக்காகச் சீனர்களோடு தமிழர்களும் அங்கே உழைத்தார்கள். 1937-இல் வேலைநிறுத்தக்காரர்கள் சுரங்கத்தையே தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். ரயில்வே எண்ணெய்க்கு மாறியதும் சுரங்கம் நின்றது.

சுரங்கம் நின்றதே தவிர, பாறை நிற்கவில்லை. மேற்பாறையைத் தாங்க நிலக்கரியிலேயே தூண்களை விட்டுவைப்பார்கள். ஆள் நடமாட்டம் ஒழிந்தபின் தண்ணீர் புகும், தூண் ஊறி ஓரம் உதிரும், மேற்பாறை ஏடு ஏடாக விண்டு விழும். விழ விழ வெற்றிடம் மேலேறி, என்றோ ஒருநாள் வீட்டு வாசலில் குழியாகத் திறக்கலாம்.

இப்படி அசையும் பாறையைக் கண்காணிக்க வழிகள் உண்டு. கோலார் தங்கவயலில் 3 கிலோமீட்டருக்கும் ஆழமான சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் பாறை வெடித்துத் தமிழ்த் தொழிலாளர்கள் பலர் மாண்டார்கள். பின்னாளில் அங்கே அதிர்வுமானிகளைப் பதித்து, பாறை முறிந்த இடத்தைக் கணித்தார்கள். பத்து ஆராங்கின் கைவிடப்பட்ட சுரங்கத்துக்கு ஏற்றது விண்ணிலிருந்து பார்க்கும் ரேடார்.

2014-இல் ஏவப்பட்ட சென்டினல்-1 செயற்கைக்கோள், 12 நாளுக்கு ஒருமுறை அதே தடத்தில் வந்து ரேடார் அலையை அனுப்புகிறது. முந்தைய படத்தோடு ஒப்பிட்டால், தரை மில்லிமீட்டர் கணக்கில் இறங்கியிருந்தாலும் தெரியும். அதன் அலைநீளம் சுமார் 5.6 சென்டிமீட்டர்தான். தகரக் கூரையிலும் கட்டடத்திலும் பட்டு நன்றாகத் திரும்பும். ஆனால் செம்பனை மட்டை காற்றில் அசைந்தாலே கணக்கு கெட்டுவிடும். 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய நிசார் செயற்கைக்கோளில் 24 சென்டிமீட்டர் அலை உண்டு. அது இலைதழையை ஊடுருவிச் செல்லும். நம் தோட்டப்புறத்துக்குப் பொருந்துவது இதுதான்.

ஆனால் ரேடார் சுரங்கத்தைக் காட்டாது. மெல்ல இறங்கும் தரையைத்தான் காட்டும். திடீரென வாய்திறக்கும் குழி அதன் கண்ணுக்குத் தப்பலாம். அதனால் கம்பெனி காலத்து வரைபடங்களும் வேண்டும், எங்கே தரை உள்வாங்கியது என்று நினைவில் வைத்திருக்கும் பெரியவர்களின் சொல்லும் வேண்டும். அந்தத் தலைமுறை நம் கண்முன்னே போய்க்கொண்டிருக்கிறது.

வீடு கட்ட மனுப்போடுகிறவருக்குத் தன் மனைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அறியும் உரிமை உண்டு. சிலாங்கூர் அரசு ரேடார் கணிப்பு, பழைய வரைபடங்கள், பெரியவர்களின் சொல் ஆகிய மூன்றையும் ஒரே வரைபடத்தில் சேர்த்து, மலாய், சீனம், தமிழ் மூன்றிலும் விளக்கம் எழுதி, பத்து ஆராங் மக்கள் வந்து பார்க்கும்படி வைக்க வேண்டும்.