டீசல் மோகம்

சென்னைக்குள் தினம் பத்து கிலோமீட்டர் ஓட்டும் குடும்பத்துக்கு டீசல் கார் எதற்கு? பெட்ரோல் மாடலைவிட லட்ச ரூபாயாவது அதிகம். கிலோமீட்டருக்கு 2 ரூபாய் மிச்சம் என்றே வைத்துக்கொண்டாலும் வருஷத்துக்கு 7,300தான். போட்ட காசை எடுக்கவே 13 வருஷத்துக்கு மேல் ஆகும்!

"மைலேஜ் சார்" என்பவர்கள் டிபிஎஃப் பற்றி வாயே திறப்பதில்லை. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்தபின் டீசல் கார்களின் புகைக்குழாயில் இருக்கும் கரி வடிகட்டி அது. சேர்ந்த கரி எரிய சுமார் 600 டிகிரி சூடு வேண்டும். நெடுஞ்சாலையில் நிற்காமல் ஓடினால் கிடைக்கும். அண்ணா சாலை சிக்னலில் எங்கே கிடைப்பது? எரிப்பதற்காகக் கூடுதலாகப் பீய்ச்சும் டீசலில் கொஞ்சம் இன்ஜின் ஆயிலில் வேறு கலக்கிறது. அடைப்பு முற்றினால் வண்டி இழுக்காது. கடைசியில் வடிகட்டியையே மாற்றணும். (அந்த பில்லைப் பார்க்கணுமே!)

வாராவாரம் மதுரை போய் வருகிறவர் வாங்கட்டும், நியாயம்.