ஒட்டுவதும் உரிப்பதும்



கடந்த கிறிஸ்மஸ் முடிந்தபின், டாக்குரியாவில் நாங்கள் கூடிவருகிற வாடகை மண்டபத்தின் ஜோடனைகளை வாலிபப் பிள்ளைகள் கழற்றினார்கள். வண்ணக் காகிதங்களை அவர்கள் சுவரில் ஒட்டியிருந்தது, பார்சல் பெட்டிகளுக்கு ஒட்டுகிற பழுப்பு டேப்பினால். அதை உரித்தபோது சுவரின் வர்ணமும் பட்டை பட்டையாகப் பெயர்ந்து வந்தது. இரண்டு நாட்கள் நாங்களே நின்று அந்தச் சுவருக்கு வர்ணம் பூசிக்கொடுக்க வேண்டியதாயிற்று. அப்பொழுது ஒரு சிறுமி, "பாஸ்டர் அங்கிள், சுவரைக் கெடுக்காத டேப் கிடையாதா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியே இம்மாதச் சிந்தனைக்குக் காரணம்.

அப்படிப்பட்ட டேப் உண்டு. அமெரிக்காவின் செயின்ட் பால் நகரில், 3எம் நிறுவனத்தில் பணிபுரிந்த ரிச்சர்ட் ட்ரூ என்பவர் 1925ஆம் ஆண்டில் மாஸ்கிங் டேப்பை உருவாக்கினார். காருக்கு இரண்டு வர்ணம் பூசுகிறவர்கள், ஒரு பாகத்தைக் காகிதம் ஒட்டி மறைத்துப் பின்பு உரிக்கையில், புதிதாய்ப் பூசிய வர்ணமும் கூடவே பெயர்ந்து வருவதைக் கண்டே அவர் அதைச் செய்தார். உறுதியாய் ஒட்டவும் வேண்டும், சேதமின்றி விட்டுப்போகவும் வேண்டும். நாம் செல்லோ டேப் என்று சொல்லுகிற ஒளி ஊடுருவும் டேப்பை அவர் 1930இல்தான் கொண்டுவந்தார்.

விட்டுப்போகிற இந்தக் குணத்தையே சிலர் கலையாக்கினார்கள். பிராவிடன்ஸ் நகரில் மைக்கேல் டவுன்சென்ட் என்பவர் 1989 முதல் டேப்பினால் சுவர்களில் ஆளுயரச் சித்திரங்களை வரைந்துவருகிறார். மருத்துவமனையிலிருக்கும் நோயுற்ற பிள்ளைகளோடும் சேர்ந்து வரைந்திருக்கிறார். ஆணியும் வேண்டாம், வர்ணவாடையும் இல்லை. சில நாட்களுக்குப்பின் சித்திரத்தை உரித்துவிட்டால் சுவர் முன்போலவே இருக்கும். நிலைக்காத வேலைக்கு இத்தனை பிரயாசம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். கொல்கத்தாவில் வசிக்கிறவர்களுக்கு இது புதிதல்ல. டாக்குரியாவுக்கு அருகே கஸ்பாவிலுள்ள போஸ்புக்கூரில், 2001ஆம் ஆண்டு, தேநீர் குடிக்கிற மண் குவளைகளைக் கொண்டே பூஜைப் பந்தல் அமைத்தார்கள். சில நாட்களில் பிரிக்கப்படும் என்று அறிந்தே அந்தக் கைகள் உழைத்தன.

எங்கள் சுவரைக் கெடுத்த பழுப்பு டேப்பும் பயனற்றதல்ல. ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த மாக்ஸ் சோர்ன் என்னும் கலைஞர் அதைச் சுவரில் ஒட்டாமல் கண்ணாடி போன்ற அக்ரிலிக் பலகையில் ஒட்டுகிறார். ஓரடுக்கு ஒட்டினால் தேன் நிறம், பல அடுக்கு ஒட்டினால் இருள். கூரிய கத்தியால் வெட்டி, பின்னால் விளக்கு வைத்தால் மனித முகம் தோன்றுகிறது. குற்றம் டேப்பில் அல்ல, நாம் ஒட்டிய இடத்தில்.

இடம் அறியாமல் ஒட்டினால் நேரிடும் நஷ்டத்திற்குச் சவக்கடல் சுருள்களே சாட்சி. 1947 முதல் கும்ரான் குகைகளில் அகப்பட்ட அந்தச் சுருள்களில், நான்காம் குகையின் துணுக்குகள் மாத்திரம் சுமார் 15,000. 1950களில் அறிஞர்கள் அவற்றைச் செல்லோ டேப்பினால் இணைத்துக் கண்ணாடிகளுக்கிடையே வைத்தார்கள். காலப்போக்கில் பசை தோலுக்குள் ஊறி, சில இடங்களில் எழுத்தே தெரியாதபடி கறுத்துப்போயிற்று. அந்தப் பசையை நீக்கும் வேலைக்கென்றே 1991இல் இஸ்ரவேல் தொல்பொருள் துறை ஒரு பாதுகாப்புக்கூடத்தை ஏற்படுத்தியது. இரண்டாயிரம் ஆண்டுகள் குகை காத்ததை, நேசித்த கைகளே சேதப்படுத்தின.

நானும் அதையே செய்தேன். வேதாகமக் கல்லூரியில் படித்த நாட்களில், என் தாயாருடைய வேதாகமத்தில் கிழிந்திருந்த ஓர் ஏட்டை செல்லோ டேப்பினால் ஒட்டினேன். இன்று அந்த டேப் காய்ந்து உதிர்ந்துவிட்டது. பழுப்புக் கறை மாத்திரம் நிற்கிறது. ஓரத்தில் அம்மா பேனாவால் குறித்திருந்த தேதி, மை பரவி வாசிக்க இயலாமற் போயிற்று. கைக்குழந்தையாய் மரித்த என் தம்பியின் நாள் அது என்று எண்ணுகிறேன். கேட்பதற்கு இப்பொழுது அம்மா இல்லை.

ஆகையால், பிரியமானவர்களே, பழைய ஏடுகளிலும் புகைப்படங்களிலும் செல்லோ டேப் ஒட்டாதிருங்கள். கிழிந்ததை வெள்ளைக் காகிதங்களுக்கிடையே வைத்து உறையிலிட்டுக் காப்பதே போதும். சுவரில் ஒட்ட மாஸ்கிங் டேப் வாங்குங்கள். முதலில் ஒரு மூலையில் ஒட்டி ஒருநாள் சோதியுங்கள். சுண்ணாம்பும் டிஸ்டெம்பரும் பூசிய சுவர் எந்த டேப்பையும் தாங்காது. அங்கே ஜன்னல் கண்ணாடியை உபயோகியுங்கள். வெயில் படும் இடத்தில் நாட்கணக்காய் விட்டுவைக்கவேண்டாம். உரிக்கும்போது இழுக்காமல், டேப்பை அதன்மேலேயே மடக்கி மெதுவாய் எடுங்கள்.

நம்மில் அநேகர் ஆணி அடிக்கக் கூடாத வாடகை வீடுகளில் வாழ்கிறோம். அதனால் பிள்ளைகளின் கைவேலையைப் பெட்டிக்குள் பூட்டிவைக்கிறோம். ஒரு சுருள் டேப்பை அவர்கள் கையில் கொடுத்துப் பாருங்கள். ஈஸ்டருக்கு அந்தச் சிறுமியும் தோழிகளும் எங்கள் மண்டபத்தின் ஜன்னல் கண்ணாடிகளில், அடுக்கடுக்காய்ப் பழுப்பு டேப் ஒட்டி, ஒரு படகை உண்டாக்கினார்கள். காலை வெளிச்சத்தில் அது பொன்னிறமாய் நின்றது. மறுநாள் அவர்களே அதை உரித்தெடுத்து, கண்ணாடியைத் துடைத்து, மண்டபத்தின் சாவியைத் திருப்பிக் கொடுத்தார்கள்.