எது தர்மம், எது பாக்கி?

கொடைக்கானல் மலையில் தர்ம ஸ்தாபனங்களுக்குப் பஞ்சமில்லை. அநாதைப் பிள்ளைகளுக்கு விடுதி, கூலிக்காரர் குழந்தைகளுக்குக் காப்பகம், மிஷன் டாக்டர் வான் ஆலன் பெயரில் ஆஸ்பத்திரி எல்லாம் உண்டு. பெரும்பாலும் கிறிஸ்தவ சபையாரின் முயற்சி. உழைத்துப் பிழைக்கும் நாம் இவற்றைப் பற்றி என்ன நினைப்பது?

எல்லாம் மதம் மாற்றும் சூழ்ச்சி என்று கூச்சல் போடுகிறவர்களோடு நமக்குச் சேர்க்கையில்லை. அந்தக் கனவான்களில் எத்தனை பேர் பளியர் குடிசைப் பக்கம் எட்டிப் பார்த்திருக்கிறார்கள்? பசித்த பிள்ளைக்குச் சோறு போடும் கையை நாம் தட்டிவிட மாட்டோம். கார்சாக் என்ற தொண்டு அமைப்பு நடத்திவந்த கைவினைக் கடையில், விற்ற விலையில் பெரும்பகுதி பொருளைச் செய்தவர்களுக்கே போயிற்று. எந்த வியாபாரி அப்படிக் கொடுக்கிறான்?

ஆனாலும் கணக்கை ஆரம்பத்திலிருந்து பார்க்க வேண்டும். 1845-ல் அமெரிக்க மதுரை மிஷன் பாதிரிமார்கள் இங்கே முதல் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். சமவெளியில் காய்ச்சலும் காலராவும் அவர்களையும் அவர்கள் குடும்பத்தாரையும் வாரிக்கொண்டு போயின. உயிர் பிழைக்க மலையேறினார்கள். அதைக் குறை சொல்லவில்லை. எப்படி ஏறினார்கள்? பெரியகுளத்துக்குப் பக்கத்திலுள்ள கிருஷ்ணமநாயக்கன் தோப்பிலிருந்து செங்குத்துப் பாதையில், டோலியில், கூலிகளின் தோள்மேல் ஏறினார்கள். மோட்டார் ரோடு வரும்வரை பெட்டி படுக்கையும் தோள்மேல்தான் ஏறிற்று. அதே காய்ச்சல் அந்தக் கூலியையும் பிடித்தது. அவனுக்கு மலைக்காற்றில் வீடு கட்டிக் கொடுத்தது யார்? 1901-ல் பாதிரிமார் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வந்தது. டோலிக்காரன் பிள்ளை எங்கே படித்தான்?

இனி காப்பித் தோட்டங்களுக்கு வருவோம். 1951-ல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளிக்கு வீடும் வைத்தியமும் தருவது முதலாளியின் கடமை என்று எழுதிற்று. 50 பெண்களோ அதற்கு மேலோ வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைக் காப்பகம் வைக்க வேண்டும் என்றும் சொல்லிற்று. இது யாரும் இரங்கிக் கொடுத்ததல்ல. தொழிலாளிகள் சங்கம் கட்டிப் போராடியதன் பலன். பண்ணைக்காடு, தாண்டிக்குடிப் பக்கம் இருப்பது போன்ற சின்னத் தோட்டங்கள் பல இந்தச் சட்டத்தின் வேலிக்கு வெளியே நின்றன. அங்கே சபையார் காப்பகம் நடத்தினால் கும்பிட்டு வரவேற்போம். ஆனால் சட்டம் கட்டுப்படுத்தும் பெரிய எஸ்டேட்டில் அதே காப்பகத்தைச் சபை தன் காசில் நடத்தினால், தர்மம் யாருக்குப் போகிறது? பிள்ளைக்குப் பாதி, முதலாளிக்குப் பாதி!

பாக்கிக்குத் தர்மம் என்று பெயர் சூட்டினால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைப் பாதரசத் தொழிற்சாலை காட்டிற்று. 1983-ல் கொடைக்கானலில் தெர்மாமீட்டர் தொழிற்சாலை வைத்தார்கள். 1987-ல் அது ஹிந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் குவிந்து கிடந்தது வெளியே வந்து, மக்கள் கொதித்தெழுந்த பிறகே 2001 மார்ச்சில் கதவு சாத்தப்பட்டது. வேலை செய்தவர்கள் விடவில்லை. சங்கம் அமைத்தார்கள், 2006-ல் சென்னை ஹைகோர்ட்டுக்குப் போனார்கள். பத்து வருஷம் அலைந்த பிறகு, 2016 மார்ச்சில் 591 பேருக்காக ஒப்பந்தம் ஆயிற்று.

அந்தப் பணத்துக்கு என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? நஷ்ட ஈடு என்றல்ல, கருணைத் தொகை என்று! மனிதாபிமானத்தால் கொடுக்கிறார்களாம். பாதரசத்தால் உடம்பு கெட்டது என்று கம்பெனி கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. போராடி வாங்கினவனுக்குப் பிச்சை வாங்கினவன் என்று ரசீது! சபையார் கொடுக்கும் கம்பளிக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் உண்டு. சபையார் யாருக்கும் பாக்கி வைக்கவில்லை, கையிலிருப்பதைக் கொடுக்கிறார்கள். கம்பெனி வைத்த பாக்கியையே தானம் என்று எழுதிக்கொண்டது.

ஆகவே, பெரிய எஸ்டேட் ஓரமாகக் காப்பகம் திறக்க வரும் சபையாரிடம் மரியாதையோடு ஒன்று கேட்போம்: ஐயா, பால், அரிசி, ஆயா சம்பளம் என்று மாதாமாதம் செலவுக் கணக்கு எழுதுகிறீர்களே, அதில் ஒரு பிரதியை எஸ்டேட் முதலாளிக்கும் அனுப்பிவைப்பீர்களா?