சிரித்து முடிந்ததும் லீலாவதியையும் கொஞ்சம் யோசிப்போம்



'சதி லீலாவதி' 1995 இல் வந்த படம். பாலு மகேந்திரா இயக்கம், கிரேசி மோகன் வசனம். கமலும் கோவை சரளாவும் கொங்குத் தமிழில் பேசும் காட்சிகளை வாப்பா, உம்மா, பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாக இருந்து பார்த்துச் சிரிக்கிறோம். கதை என்ன? மனைவி பருமனாக இருக்கிறாள் என்று வெட்கப்படும் கணவன் இன்னொரு பெண்ணைத் தேடிப் போகிறான்.

அதற்குப் பத்து வருடம் முன்பு, 1985 இல், பாக்யராஜின் 'சின்ன வீடு'. அங்கும் கணவனுக்கு மனைவியின் உடம்பு பிடிக்கவில்லை. இரண்டு படத்திலும் அந்த மனைவியாக நடித்தவர் ஒரே நடிகை, கல்பனா. இரண்டிலும் கணவன் ஊர் சுற்றிவிட்டுத் திரும்பி வருகிறான், மனைவி ஏற்றுக் கொள்கிறாள், நாமும் சந்தோசமாக எழும்பிப் போகிறோம்.

இனி 1981 இல் வந்த 'அந்த 7 நாட்கள்'. அதுவும் பாக்யராஜ் படம்தான். மனதில் ஒருவன் இருக்க, வேறொருவருக்குக் கட்டி வைக்கப்பட்ட பெண் உயிரை விடப் பார்க்கிறாள். டொக்டரான கணவர் அவளைக் காதலனிடமே சேர்த்து வைக்கத் தயார். ஆனால் தாலி குறுக்கே நிற்கிறது, காதலனே விலகிப் போகிறான். ஆண் தடம் மாறினால் நகைச்சுவை, பெண்ணின் மனம் ஒட்டாவிட்டால் தியாகம். இந்தக் கணக்கு சினிமாவில் மட்டுமா இருக்கிறது?

"படம்தான் குடும்பங்களைக் கெடுக்குது" என்று நாம் பேசிக் கொள்கிறோம். திருமணத்துக்கு வெளியே போகும் உறவு ஹறாம், அதில் இரண்டாம் பேச்சில்லை. ஆனால் படமே பார்க்காத வீடுகளிலும் வருடக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாத கணவன் மனைவி இருக்கிறார்கள். ஆசிரியர்களான எங்களுக்கு அது வகுப்பறையில் தெரிகிறது. தேர்ச்சி அறிக்கையில் யாரிடம் கையொப்பம் வாங்குவது என்று தெரியாமல் நிற்கிற பிள்ளைக்கு எந்தப் படத்தைக் குற்றம் சொல்வது?

எமது ஊர்களில் மகளுக்கு வீடு கொடுத்துத்தான் மாப்பிள்ளை எடுக்கிறோம். வாப்பா வயலை விற்கிறார், அல்லது கட்டாரில் வருடக்கணக்காக உழைக்கிறார். அந்த வீட்டுக்கு என்ன நிற டைல்ஸ் என்று பிள்ளையிடம் கேட்கிறோம். மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறதா என்று தனியாக இருத்திக் கேட்கிறோமா? அவ்வளவு செலவழித்த பிறகு, இந்தக் கலியாணம் சரிவரவில்லை என்று சொல்ல அவளுக்கு எப்படி வாய் வரும்?

சட்டமும் அவளுக்குப் பெரிதாக உதவவில்லை. 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தில் மணமகனும் பெண்ணின் வலியும் கையொப்பமிட்டால் பதிவு முடிந்தது, மணமகளின் கையொப்பம் தேவையில்லை. தலாக் சொல்ல ஆண் காரணம் காட்ட வேண்டியதில்லை. பஸ்ஹ் கேட்கும் பெண்ணோ சாட்சியோடு காரணத்தை நிறுவ வேண்டும். விசாரிக்கும் காழியும் ஆண், அசெசர்மாரும் ஆண்கள். கைப்பிள்ளையோடு சவளக்கடையிலிருந்து கிட்டங்கியைத் தாண்டித் தவணை தவணையாக அலைகிறவளை நினைத்துப் பாருங்கள். இதைத் திருத்துவதற்கு நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் 2009 இல் குழு அமைத்தார்கள். அறிக்கை 2018 இல்தான் வந்தது. அதற்குப் பிறகும் சர்ச்சை ஓயவில்லை.

மார்க்கம் இப்படிக் கதவை அடைக்கவில்லை. தாபித் இப்னு கைஸ் ரழியல்லாஹு அன்ஹு அவர்களின் மனைவி, கணவரின் குணத்திலோ மார்க்கத்திலோ குறை சொல்லவில்லை. அவரோடு வாழ முடியாது என்றுதான் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களிடம் வந்து சொன்னார். மஹராகப் பெற்ற தோட்டத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி அவருக்கு விடுதலை பெற்றுக் கொடுத்தார்கள். "ஊர் என்ன சொல்லும்" என்று கேட்டு அவரைத் திருப்பி அனுப்பவில்லை.

ஆகவே மூன்று விடயங்களை நாமே செய்யலாம், கொழும்பில் சட்டம் மாறும் வரை காத்திருக்கத் தேவையில்லை. நிக்காஹ்வுக்கு முன், சாச்சியோ பெரியம்மாவோ, பிள்ளை மனம் திறக்கக்கூடிய ஒருவர் அவளைத் தனியாகக் கேட்கட்டும். அவள் "இல்லை" என்றால் வீட்டு வேலை எந்த மட்டத்தில் இருந்தாலும் பேச்சை நிறுத்துவோம். பள்ளிவாசல் தனது பதிவேட்டில் மணமகளின் கையொப்பத்தையும் எடுக்கட்டும், அதைத் தடுக்க யாருமில்லை. கஷ்டத்தைச் சொல்லி வரும் பெண்ணிடம் "பொறுத்துப் போ புள்ள" என்பதற்கு முன், என்ன நடந்தது என்று முழுதாகக் கேட்போம். இணக்கம் செய்யலாம், நல்லதுதான். அவள் சொல்வதைக் கேட்காமல் செய்வது இணக்கம் ஆகாது.

வழி இருக்கும்போது கள்ள வழி தேடுகிறவர்கள் குறைவார்கள். ஆணுக்கும் இது பொருந்தும்: பிடிக்காத கலியாணத்தில் மாட்டிய ஆண்களும் எமது ஊரில் இல்லாமலில்லை.

மாற்றுக் கருத்துள்ளவர்கள் தாராளமாக எழுதுங்கள். யார் வீட்டுக் கதையையும் பெயர் போட்டு இழுக்க வேண்டாம்.