“சமாளிக்கிறேன்” என்று எழுதாதீர்கள்
பிரித்தானியாவில் வாழும் தமிழ் உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள்



நோயாலும் உடல் இயலாமையாலும் முடங்கிப்போன குடும்பத்தாரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். பிப் எனப்படும் பெர்சனல் இண்டிபெண்டன்ஸ் பேமென்ட் உதவித்தொகைக்கான படிவத்தை முதல் தடவை நிரப்பியபோது எங்களில் பலர் ஒரே பிழையைத்தான் செய்தோம். குளிப்பது எப்படி, சமைப்பது எப்படி என்று கேட்ட இடத்தில் எல்லாம் “கஷ்டம்தான், ஆனால் சமாளிக்கிறேன்” என்று எழுதினோம். ஊரில் அது மானமுள்ள பேச்சு. அந்தப் படிவத்திலோ அதற்குப் புள்ளி பூச்சியம்.

2013இல் தொடங்கிய இந்த உதவித்தொகை நோயின் பெயருக்குத் தரப்படுவதல்ல. மூட்டுவாதம், பக்கவாதம், மனச்சோர்வு என்று டொக்டரின் கடிதம் சொன்னால் மட்டும் போதாது. அந்த நோயால் அன்றாடம் எதைச் செய்ய முடியவில்லை என்பதற்கே புள்ளி. நடமாட்டத்தைத் தனியாக மதிப்பிடுகிறார்கள். அன்றாட வாழ்வுப் பகுதியில் 10 செயல்கள் உள்ளன: சமைத்தல், சாப்பிடுதல், மருந்தையும் சிகிச்சையையும் கவனித்தல், குளித்தல், கழிப்பறைத் தேவை, உடுத்தல், பேசிப் புரிந்துகொள்ளல், வாசித்தல், பிறரோடு பழகுதல், பணக் கணக்கு. ஒவ்வொரு செயலிலும் உங்களுக்குப் பொருந்தும் அதிகூடிய புள்ளி ஒன்றை மட்டும் எடுத்துக் கூட்டுவார்கள். 8 வந்தால் சாதாரண வீதம், 12 வந்தால் உயர் வீதம். 2025-26இல் இவை முறையே வாரத்துக்கு 73.90 பவுண், 110.40 பவுணாக இருந்தன.

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். போரில் எல்லாவற்றையும் இழந்து வந்த ஒருவர். கை கால் நன்றாகத்தான் இருக்கிறது, மனம்தான் எழும்பவில்லை. மனைவி காலையில் “எழும்பிக் குளியுங்கோ” என்கிறார். பிறகு “உடுப்பை மாத்துங்கோ”. பிறகு “ரெண்டு வாய் சாப்பிடுங்கோ”. அவர் சொல்லாவிட்டால் எதுவும் நடக்காது. “அவருக்கு ஒரு உதவியும் தேவையில்லை, எல்லாம் தானே செய்வார்” என்று படிவத்தில் எழுதினால் பூச்சியம். உண்மையில், தூண்டிச் சொன்னால்தான் சாப்பிடுவார் என்பதற்கு 4, குளிப்பார் என்பதற்கு 2, உடுத்துவார் என்பதற்கு 2. கூட்டினால் 8. அந்த மனைவி நாள்தோறும் செய்யும் வேலைக்கு இந்த உதவித்தொகைக்கான சட்டத்தில் பெயர் இருக்கிறது. அவர் அதை வேலையென்றே நினைத்ததில்லை.

இன்னொன்று, மூட்டுவாதம் வந்த அன்ரி ஒருவர். காய்கறி வெட்ட மகள் வேண்டும்: 4. குளியல் தொட்டியில் இறங்கவும் ஏறவும் ஆள் வேண்டும்: 3. காலுறை போட்டுவிட ஆள் வேண்டும்: 2. மொத்தம் 9. “வீட்டில் பிள்ளைகள் இருக்கினம், பிரச்சினை இல்லை” என்று அவர் சொல்லிவிட்டால் இந்த 9ம் போய்விடும். உதவி கிடைக்கிறதா என்பது கேள்வியல்ல. தேவைப்படுகிறதா என்பதுதான் கேள்வி.

சமையல் என்று அவர்கள் சொல்வது புட்டும் மூன்று கறியும் அல்ல. புதிய பொருட்களிலிருந்து ஒரு ஆளுக்கு ஒரு வேளைச் சாப்பாடு. ஆகவே இடியப்பம் பிழிய முடியவில்லை என்று எழுதுவதைவிட, கத்தி பிடிக்க முடியவில்லை, அடுப்பை அணைக்க மறக்கிறேன், சூடான சட்டி கை நழுவுகிறது என்று எழுதுங்கள்.

“முடியும்” என்பதற்கும் சட்டத்தில் அளவு உண்டு. ஆபத்தில்லாமல், திருத்தமாக, தேவையான தடவைகள், நியாயமான நேரத்துக்குள் செய்ய வேண்டும். நோயில்லாத ஒருவருக்கு ஆகக் கூடியது 20 நிமிடம் எடுக்கும் வேலை உங்களுக்கு 40 நிமிடத்தைத் தாண்டினால், அதை முடியும் என்று கொள்ளக் கூடாது. பாதிக்கு மேற்பட்ட நாட்களில் நிலைமை எப்படி என்பதே கணக்கு. விருந்தாளி வந்த நல்ல நாளை வைத்துப் பதில் சொல்லாதீர்கள்.

மொழி பற்றியும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. பேசுதல், வாசித்தல் இரண்டும் உங்கள் தாய்மொழியில்தான் அளக்கப்படும். ஆங்கிலம் தெரியாததற்குப் புள்ளி இல்லை. பக்கவாதத்துக்குப் பிறகு தமிழ்ப் பேப்பரைக்கூட வாசித்து விளங்க முடியவில்லை என்றால் அதற்குப் புள்ளி உண்டு.

கூச்சம் பெரிய தடை. மலசலம் அடக்க முடியாத நிலையை, மதிப்பீட்டு நேர்காணலில் மகனை மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொண்டு எந்தத் தாய் சொல்வார்? அந்த ஒரு செயலில் மட்டும் 8 புள்ளி வரை இருக்கிறது. மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்து தரும்படி முன்கூட்டியே கேளுங்கள். நம்பிக்கையான ஒருவரைத் துணைக்கும் வைத்துக்கொள்ளலாம்.

உறவுகளிடம் நாங்கள் கேட்பது இவைதான். படிவத்தை நிரப்பும் முன் இரண்டு கிழமை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்: யார் எதற்கு உதவினார், எத்தனை தடவை, எவ்வளவு நேரம். மறுப்புக் கடிதம் வந்தால் மூலையில் போடாதீர்கள். ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்கலாம், அதிலும் மறுத்தால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். வேலைக்குப் போகிறவரும் சேமிப்பு உள்ளவரும் இதைக் கேட்கலாம். ஓய்வூதிய வயதைத் தாண்டியபின் புதிதாக விண்ணப்பிப்பவருக்கு இதற்குப் பதிலாக அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் உண்டு. ஸ்கொட்லாந்தில் உதவித்தொகையின் பெயரும் நிர்வாகமும் வேறு. விசாவில் பொது நிதி பெறக் கூடாது என்ற நிபந்தனை உள்ளவர்கள் மட்டும் குடிவரவுச் சட்டத்தரணியிடம் கேட்காமல் விண்ணப்பிக்க வேண்டாம்.

இல்லாததைச் சேர்க்கச் சொல்லவில்லை. பொய் சொல்பவரால் உண்மையானவருக்கும் கேடு. இருப்பதை மறைக்காதீர்கள் என்றுதான் கேட்கிறோம். இந்தக் கடிதத்தை வாசித்ததும் உங்களுக்குத் தெரிந்த ஒரு வீடு மனதில் வந்திருக்கும். கோயிலிலோ கடையிலோ சந்திக்கும்வரை காத்திராமல், இன்றே அவர்களுக்கு ஒரு போன் எடுங்கள்.

அன்புடன்,
லண்டனில் வாழும் தமிழ்ப் பராமரிப்பாளர்கள் சிலர்