விமானிகளும் அடையாளம் தெரியாத பறக்கும் பொருட்களும்

அலுவலக வேலையாக ரங்கூன் வந்து போட்டாதாங் பகுதியில் தங்கியிருக்கிறேன். ஒரு மாலை படகுத்துறைப் பக்கம் நடந்தபோது, ஆற்றுக்கு மேலே மஞ்சள் ஒளி ஒன்று அசையாமல் நின்றது. சில நிமிடங்களில் அது இரண்டாகப் பிரிந்து, விமானமாகித் தலைக்கு மேல் போனது. நேர் எதிரே வரும் விமானத்தின் விளக்கு நின்ற இடத்திலேயே நிற்பது போலத்தான் தெரியும். நான் ஏமாறலாம். அனுபவமுள்ள விமானி ஏமாறுவாரா?

2007 ஏப்ரல் 23 அன்று சவுத்தாம்ப்டனிலிருந்து ஆல்டர்னி தீவுக்குச் சிறு விமானம் ஓட்டிச் சென்ற ரே போயர் 18 ஆண்டு அனுபவம் உள்ளவர். மஞ்சளாக ஒளிர்ந்த இரண்டு பொருட்களைக் கண்டார். ஒவ்வொன்றும் ஒரு மைல் அகலம் வரை இருக்கலாம் என்று கணித்தார். பயணிகளும் பார்த்தார்கள். சார்க் தீவுக்கு அருகே பறந்த இன்னொரு விமானியும் பார்த்தார். எல்லோரும் ஒப்புக்கொள்ளும் விளக்கம் இன்றுவரை கிடைக்கவில்லை.

அவர் பொய் சொல்லவில்லை என்றே நம்புகிறேன். ஆனால் 'ஒரு மைல்' என்பது பார்த்தது அல்ல, கணித்தது. 50 மைல் தூரத்தில் 1 மைல் அகலமும், 50 அடி தூரத்தில் 1 அடி அகலமும் கண்ணுக்கு ஒரே அளவுதான். தூரம் தெரியாமல் அளவு தெரியாது.

நம் ராணுவத்துக்கும் இது நேர்ந்தது. லடாக் எல்லையில் 2012-13ல் 329 முறை மர்மப் பொருட்களைப் பார்த்ததாகப் பதிவு செய்தார்கள். உளவு விமானமோ என்ற சந்தேகம். வானியலாளர்கள் வந்து பார்த்தபோது அவை வெள்ளியும் வியாழனும்!

இதனால் எல்லாமே கோள்கள்தான் என்று சிரித்துவிட்டுப் போகலாமா? கூடாது. 2023 நவம்பர் 19 அன்று, இங்கிருந்து வடக்கே, பர்மா எல்லைக்கு அருகிலுள்ள இம்பால் விமான நிலையத்தில் ஏதோ பறப்பதைக் கண்டு மூன்று மணி நேரத்துக்கும் மேல் விமானங்களை நிறுத்தினார்கள். விமானப்படை தேடியபோது ஒன்றும் அகப்படவில்லை. அது டிரோனாக இருந்து, யாரும் சொல்லாமல் விட்டிருந்தால்?

மென்பொருள் துறையில், காரணம் புரியாத பிழையையும் நேரத்தோடு பதிவு செய்துதான் வைப்போம். இரண்டாவது பதிவு கிடைக்கும்போது முதலாவதற்கு அர்த்தம் வரும். போயரின் சாட்சிக்கு எடை தந்ததும் அந்த இரண்டாவது விமானிதான். விமானி கண்டதை அப்படியே எழுதட்டும். அது என்னவென்று பிறகு தேடுவோம். கேலிக்குப் பயந்து அவர் வாய் மூடினால், நஷ்டம் பின்னால் உட்கார்ந்திருக்கும் நமக்குத்தான்.